தீயணைப்பு வீரர் ஆரம்பநிலைத் தேர்வு: அறிவிப்பைப் படிப்பதிலிருந்து மருத்துவப் பரிசோதனை வரை

தீயணைப்பு வேலைக்கு முதல்முறையாக விண்ணப்பிக்கிறவர்களில் பலர் உடனே உட்கார்ந்து தீயைப் பற்றி என்னென்ன கிடைக்கிறதோ அத்தனையும் படிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எந்தத் தீக்கு எந்த அணைப்பான், எந்த நாட்டில் எப்போது எந்தப் பெரிய விபத்து என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுப்பார்கள். ஆனால் ஆரம்பநிலைத் தேர்வு பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை, ஏனென்றால் தீயை அணைப்பது எப்படி என்று தேர்வான பிறகு பயிற்சிக் கல்லூரியில் துறையே மாதக்கணக்கில் சொல்லித்தரப் போகிறது. தேர்வு நடத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: சொன்னதைச் சொன்னபடி புரிந்துகொண்டு, நேர நெருக்கடியிலும் உடல் களைத்த நிலையிலும் அதையே செய்கிற ஆளா நீங்கள்? எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு, நேர்காணல் மூன்றிலும் வெவ்வேறு வடிவத்தில் இதே கேள்விதான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு தயாரானால் பாதி வீண் உழைப்பு மிச்சம்.

முதல் வேலை: அறிவிப்பை வரி வரியாகப் பிரிப்பது

புத்தகம் வாங்குவதற்கு முன் அறிவிப்பை அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். வயது, கல்வி, உயரம், பார்வை, ஓட்டுநர் உரிமம், முதலுதவிச் சான்றிதழ் என்று தகுதி வரிகள் ஒரு பக்கம். தேர்வின் கட்டங்கள் எந்த வரிசையில், எதற்கு எவ்வளவு மதிப்பெண், எது வெறும் தேர்ச்சி மட்டும், எது தரவரிசையில் சேரும் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கம்தான் முக்கியம். உடல் தேர்வு தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும்தான் என்றால் அங்கே எல்லோரையும் முந்த வேண்டிய அவசியம் இல்லை, உங்கள் இடம் எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும்தான் முடிவாகும். உடல் தேர்வுக்கும் மதிப்பெண் உண்டு என்றால் கணக்கே மாறிவிடும்.

தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிவு உண்டா என்பதையும் இப்போதே பாருங்கள். கழிவு இல்லையென்றால் ஒரு கேள்விகூட காலியாக இருக்கக் கூடாது. நான்கு விருப்பங்கள், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்றால், கண்ணை மூடிக் குறிப்பதில் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் நிச்சயமாகத் தவறு என்று ஒரு விருப்பத்தை நீக்க முடிந்தால் மீதியிலிருந்து ஊகிப்பது லாபப் பக்கம் சாயும்.

அப்புறம், படிக்க ஆரம்பிக்கும் முன்பே ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண் கேவலமாக வந்தாலும் பரவாயில்லை. தவறான ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் 'தெரியவில்லை', 'தவறாகப் படித்தேன்', 'நேரம் போதவில்லை' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். 'தவறாகப் படித்தேன்' எத்தனை இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். பாடம் படித்து அதைச் சரிசெய்ய முடியாது, பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வாசித்துப் புரிதல்

ஒரு பத்தி கொடுப்பார்கள், கீழே கேள்விகள். எளிதாகத் தெரியும், அதனாலேயே விழுவார்கள். உதாரணத்துக்கு இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"புகை நிரம்பிய அறைக்குள் வாசல் வழியாக நுழையும் குழு, வலப்பக்கச் சுவரைத் தொட்டபடி முன்னேற வேண்டும். ஜன்னல் வழியாக நுழையும் குழு, அதிகாரி வேறுவிதமாகச் சொன்னாலன்றி, நுழைந்த ஜன்னலுக்குத் திரும்பும் வழியை முதலில் உறுதிசெய்ய வேண்டும்."

கேள்வி: ஜன்னல் வழியாக நுழையும் குழு எந்தப் பக்கச் சுவரைத் தொட்டுச் செல்ல வேண்டும்? விருப்பங்களில் 'வலம்', 'இடம்', 'அதிகாரி சொல்லும் பக்கம்', 'பத்தியில் கூறப்படவில்லை'. பாதிப் பேர் 'வலம்' என்று குறிப்பார்கள், இன்னும் சிலர் 'அதிகாரி' என்ற சொல்லைப் பார்த்ததும் மூன்றாவதற்குப் போவார்கள். சரியான பதில் கடைசி விருப்பம். பத்திக்கு வெளியே உங்களுக்குத் தெரிந்தது எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும் சரி. தீயைப் பற்றி நிறையப் படித்தவர்கள் சில சமயம் இந்தப் பகுதியில் மற்றவர்களைவிட மோசமாகச் செய்வதற்கு இதுதான் காரணம், பத்தி சொல்லாததை அவர்கள் மனம் தானாக நிரப்பிவிடுகிறது.

பயிற்சிக்கு: கேள்விகளை முதலில் ஒரு பார்வை பாருங்கள், பிறகு பத்தியைப் படியுங்கள். 'தவிர', 'அன்றி', 'முன்', 'பிறகு', 'மட்டும்', 'எப்போதும்' போன்ற சொற்களைக் கண்ட இடத்தில் கோடிடுங்கள். கதை, செய்தியைவிட ஏதாவது ஒரு கருவியின் பயனர் கையேட்டைப் படித்துப் பழகுவது நல்லது, தேர்வில் வருகிற நடை கிட்டத்தட்ட அதுதான்.

கணக்கு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், சதவீதம், விகிதம், பரப்பளவு, கன அளவு, வேகம், நேரம், இவ்வளவுதான். ஆனால் கால்குலேட்டர் பெரும்பாலும் கிடையாது, கேள்விகளும் தண்ணீர், குழாய், காற்று என்று வேலையின் உடையில் வரும். சில வகைகளைக் கையால் போட்டுப் பழகிவிட்டால் போதும்.

தண்ணீர்த் தொட்டி வகை: வண்டியில் 3,000 லிட்டர் இருக்கிறது, நாசில் (குழாயின் பீய்ச்சும் முனை) நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சுகிறது. எவ்வளவு நேரம் தாங்கும்? 3,000-ஐ 450-ஆல் வகுத்தால் 6 நிமிடம் 40 விநாடி. அடுத்த கேள்வியில் ஒரு திருப்பம் வைப்பார்கள்: அதே நேரத்தில் ஹைட்ரன்ட்டிலிருந்து (தீயணைப்புக்கான தெருக் குழாய்) நிமிடத்துக்கு 200 லிட்டர் வண்டிக்குள் வந்துகொண்டிருக்கிறது. இப்போது நிகர இழப்பு 250 லிட்டர்தான், ஆகவே 12 நிமிடம்.

ஹோஸ் (தண்ணீர் கொண்டுபோகும் நீளக் குழாய்) வகை: ஒரு துண்டு 30 மீட்டர், தீ 140 மீட்டர் தூரத்தில். வகுத்தால் 4.67 வரும். விருப்பங்களில் 4 இருக்கும், 4.67 இருக்கும், 5 இருக்கும். நிஜ வேலையில் முக்கால் துண்டு ஹோஸ் என்று ஒன்று கிடையாது, 5.

அழுத்தம்: தண்ணீரை மேலே தள்ளும்போது ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் போய்விடும். 24 மீட்டர் உயரத்தில் நாசிலுக்கு 7 பார் தேவை, ஹோஸ் உராய்வில் 1.6 பார் போகிறது என்றால், பம்ப் 7 + 2.4 + 1.6 = 11 பார் கொடுக்க வேண்டும். சூத்திரம் கேள்வியிலேயே கொடுத்திருப்பார்கள், கொடுத்த சூத்திரத்தையே பயன்படுத்துங்கள். அதில் வேறு எண் இருந்தால் உங்கள் எண்ணை மறந்துவிடுங்கள்.

காற்று சிலிண்டர்: 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம். உள்ளே இருக்கும் காற்று தோராயமாக 1,800 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவு என்றால் 45 நிமிடம். ஆனால் 50 பார் மிச்சமிருக்கும்போதே வெளியே வந்துவிட வேண்டும் என்று கேள்வி சொன்னால், கையில் இருப்பது 250 பாருக்கான 1,500 லிட்டர் மட்டும், அதாவது 37.5 நிமிடம். 45 என்ற விருப்பமும் அங்கே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஏணி: சாய்வு ஏணியை 4-க்கு 1 என்று வைப்பது வழக்கம், கோணம் ஏறத்தாழ 75 டிகிரி. 8 மீட்டர் உயரத்தைத் தொட வேண்டுமென்றால் அடி சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி. அப்போது ஏணி தொடும் இடம் வரைக்குமான நீளம் 68-இன் வர்க்கமூலம், சுமார் 8.25 மீட்டர். 8 மீட்டர் ஏணி எட்டாது. பித்தாகரஸ் தேற்றத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது இப்படித்தான் வரும்.

இவற்றைத் தினமும் அரை மணி நேரம், தாளில், நேரம் வைத்து. அலகு மாற்றத்தைத் தனியாகப் பழகுங்கள்: 1 கன மீட்டர் 1,000 லிட்டர், 1 பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் இன்னோர் அலகு), 1 கிலோ சுமார் 2.2 பவுண்டு.

இயந்திர அறிவு

படம் பார்த்துப் பதில் சொல்கிற பகுதி. நான்கைந்து விதிகள் தெரிந்தால் பெரும்பாலான கேள்விகள் விழுந்துவிடும். ஒன்றையொன்று தொடும் பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும், ஆகவே ஒரே வரிசையில் முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் ஒரே திசை. 20 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தைச் சுற்றினால் பெரியது பாதி வேகத்தில் சுற்றும், ஆனால் முறுக்கு விசை இருமடங்கு. பெல்ட் குறுக்காக மாட்டப்பட்டிருந்தால் திசை மாறும், நேராக இருந்தால் மாறாது. கப்பியில், பாரத்தோடு சேர்ந்து நகரும் கப்பிக் கட்டையைத் தாங்குகிற கயிறுகளை எண்ணுங்கள்: இரண்டு என்றால் பாதி விசை, நான்கு என்றால் கால்வாசி, அதற்கு ஈடாக அத்தனை மடங்கு கயிறு இழுக்க வேண்டும். மேலே நிலையாக மாட்டப்பட்ட ஒற்றைக் கப்பி திசையை மட்டும்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. நெம்புகோலில் பாரம் ஊன்றுபுள்ளிக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு எளிது. இதோடு எந்தத் திருகாணி எந்தப் பக்கம் இறுகும், எந்தக் கருவி எதற்கு என்கிற கேள்விகளும் வரும். ஸ்பேனர், கடப்பாரை, ஹேக்ஸா எதையும் கையில் தொட்டதே இல்லையென்றால் தெரிந்த மெக்கானிக் யாரிடமாவது ஒரு நாள் போய் நின்றாலே போதும்.

வரைபடமும் ஞாபகமும்

வரைபடத்தில் ஒருவழிச் சாலைகள், அடைபட்ட தெருக்கள் போட்டு, நிலையத்திலிருந்து சம்பவ இடத்துக்குச் சட்டப்படி குறுகிய வழி எது என்று கேட்பார்கள். 'வடக்கே போய், வலப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் திரும்பினால் எந்தத் திசை நோக்கி இருப்பீர்கள்' என்பதும் வரும் (தெற்கு). அனுமதி இருந்தால் தாளைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கணினியில் தேர்வு என்றால் அது முடியாது, ஆகவே மனதில் சுழற்றிப் பழக வேண்டும். இதற்கு நல்ல பயிற்சி: தினமும் போகிற கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெளியே வந்த பிறகு அதன் தள வரைபடத்தை ஞாபகத்திலிருந்து வரைவது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படிக்கட்டு எங்கே, ஜன்னல் எத்தனை. மறுநாள் போய்ச் சரிபாருங்கள்.

ஞாபகப் பகுதியில் ஒரு படத்தைச் சில நிமிடங்கள் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். மொத்தமாக வெறித்துப் பார்த்தால் எதுவும் நிற்காது. எந்தப் படமானாலும் ஒரே வரிசை வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆட்கள், எத்தனை பேர், எங்கே, பிறகு வெளியேறும் வழிகள், பிறகு ஆபத்துகள், அதாவது புகை எந்த ஜன்னலில், கேஸ் சிலிண்டர் எங்கே, மின்கம்பி எந்தப் பக்கம், கடைசியில் எண்களும் எழுத்துகளும், கதவு எண், வண்டி எண், கடிகாரம் காட்டும் நேரம். வாய்க்குள் சொல்லிக்கொண்டே பாருங்கள்.

சூழ்நிலைக் கேள்விகள்

'உங்கள் மூத்த வீரர் ஒரு வேலையை வேறு மாதிரி செய்யச் சொல்கிறார், நீங்கள் பயிற்சியில் கற்றது வேறு. என்ன செய்வீர்கள்?' என்பது போல வரும். பல தேர்வுகளில் மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் இரண்டையும் குறிக்கச் சொல்வார்கள். தீயணைப்புத் துறையின் முன்னுரிமை வரிசை தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது: முதலில் உயிர், அடுத்து சம்பவத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது, அதற்கடுத்துதான் சொத்து. உயிர் என்பதில் உங்கள் உயிரும், உங்கள் குழுவின் உயிரும் சேரும். தனியாக உள்ளே பாய்ந்து காப்பாற்றுகிற விருப்பம் எப்போதும் கவர்ச்சியாக எழுதப்பட்டிருக்கும், அது பெரும்பாலும் மோசமான பதில், குழுவை விட்டுப் பிரிகிற எதுவும் அப்படித்தான்.

ஆபத்து இல்லாத உத்தரவு என்றால் முதலில் செய்துவிட்டு, பிறகு தனியாகக் கேளுங்கள். உடனடி ஆபத்து இருந்தால் அப்போதே, தெளிவாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். சகவீரரோடு சின்ன உரசல் என்றால் முதலில் அவரிடமே நேரில் பேசுவது; திருட்டு, போதை, தொந்தரவு என்றால் அதிகாரியிடம் சொல்வது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம், சின்ன விஷயத்துக்கு மேலே புகார் போவதும், பெரிய விஷயத்தை நட்புக்காக மூடுவதும் இரண்டுமே தவறு.

தீ பற்றி எவ்வளவு படிக்கலாம்

அறிவிப்பில் பாடத்திட்டமாகக் கொடுத்திருந்தால் படியுங்கள், இல்லையென்றால் இரண்டு மாலைகள் போதும். எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன், தொடர் வேதிவினை ஆகிய நான்கில் ஒன்றை எடுத்தால் தீ அணையும். வெப்பம் பரவும் மூன்று வழிகள். ஃப்ளாஷ்ஓவர் என்றால் அறையில் உள்ள எரியக்கூடிய பொருள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வது. கூரையடிப் புகையின் வெப்பம் 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது அது நேரலாம். பேக்டிராஃப்ட் என்றால் காற்றின்றித் தவித்துக்கொண்டிருக்கும் அறையில் திடீரென்று காற்று புகுந்து வெடிப்பது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடையும், மூடிய அறையில் நீராவி சுடுவது அதனால்தான்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. தீயின் வகுப்புகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க முறையில் 'சி' என்றால் மின்சாரம் சார்ந்த தீ, சமையல் எண்ணெய் 'கே'. ஐரோப்பிய முறையில் 'சி' என்றால் வாயு, சமையல் எண்ணெய் 'எஃப்'. இணையத்தில் கிடைத்த ஏதோ ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுப் போனால் சரியாகப் படித்தும் தவறாக எழுதுவீர்கள்.

உடல் தகுதித் தேர்வு

ஜிம்முக்குப் போகிறவர்கள் 'எனக்கு இது ஒன்றுமில்லை' என்று நினைக்கும் பகுதி. பெரிய நெஞ்சும் பெரிய கையும் இருப்பவர்கள் படிக்கட்டு இயந்திரத்தில் மூன்றாவது நிமிடத்தில் தள்ளாடுவது சகஜம். தேவை கால், முதுகு, கைப்பிடி (இறுகப் பிடிக்கும் வலு), மூச்சு.

உங்கள் துறையின் தேர்வில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் பழக வேண்டும், ஆனால் ஓர் அளவுகோலாக அமெரிக்காவிலும் கனடாவிலும் பல துறைகள் நடத்தும் சிபிஏடி (CPAT) என்ற உடல் திறன் தேர்வைப் பார்க்கலாம். எட்டு நிகழ்வுகள், இடைவிடாமல், 10 நிமிடம் 20 விநாடிக்குள். உடம்பில் சுமார் 22.7 கிலோ வெஸ்ட் (எடை நிரப்பிய மேல்சட்டை), படியேறும்போது கூடுதலாக 11.3 கிலோ. முதல் நிகழ்வே படிக்கட்டு: 20 விநாடி தயார்படுத்தல், பிறகு நிமிடத்துக்கு 60 படி வீதம் 3 நிமிடம். அப்புறம் ஹோஸ் இழுப்பது, கருவிகளைச் சுமப்பது, ஏணி தூக்குவது, சம்மட்டியால் அடித்துக் கதவை உடைப்பது போன்ற நிகழ்வு, இருட்டுச் சுரங்கத்தில் தவழ்ந்து தேடுவது, 75 கிலோ டம்மியை (ஆள் வடிவப் பொம்மை) இழுப்பது, கடைசியாகக் கொக்கிக் கம்பால் கூரையைக் குத்தி இழுப்பது. நிகழ்வுகளுக்கு இடையே 26 மீட்டர் நடை. நடக்கத்தான் வேண்டும், ஓடினால் எச்சரிக்கை, மறுபடி ஓடினால் தோல்வி. உடம்பில் தெம்பு இருந்தும் விதியை மறந்து தோற்பதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது: படிக்கட்டு முதலில் வைக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் கால் துவண்ட பிறகு மற்ற ஏழையும் எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். கூரை இழுப்பது கடைசியில், கைப்பிடி செத்த பிறகு. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக, புத்துணர்ச்சியோடு பழகுவது உங்களை ஏமாற்றும். களைத்த பிறகு பழக வேண்டும்.

மூச்சுக்கு ஓர் அளவு: பிரிட்டனில் தீயணைப்பு வீரர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 42.3 மில்லிலிட்டர். இதை ஆய்வகம் இல்லாமல் தோராயமாகப் பார்க்க கூப்பர் ஓட்டம் இருக்கிறது: 12 நிமிடத்தில் முடிந்தவரை தூரம் ஓடி, மீட்டரில் வந்த தூரத்திலிருந்து 504.9-ஐக் கழித்து 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2,400 மீட்டர் ஓடினால் 42.4 வரும். 2,000-இல் நிற்கிறீர்கள் என்றால் பயப்படாதீர்கள், ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே ஓட ஆரம்பியுங்கள். தேர்வில் பீப் டெஸ்ட் (பீப் ஒலிக்கு ஏற்ப ஓடுவது) இருந்தால் நேர் ஓட்டத்தோடு 20 மீட்டரில் திரும்பித் திரும்பி ஓடுவதையும் பழக வேண்டும், திரும்புகிற இடத்தில்தான் கால் சக்தி போகிறது.

12 வாரம் கையில் இருக்கிறது என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் நான்கு வாரம் அடித்தளம்: வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், அதில் ஒன்று நீளமாக மெதுவாக, ஒன்று வேகமும் இடைவெளியுமாக, இரண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட், லஞ்ச், புஷ்-அப், ரோயிங். எடையைவிட வடிவம் முக்கியம், டெட்லிஃப்ட்டில் முதுகு வளைகிறவர் டம்மி இழுக்கும்போதும் வளைப்பார். அடுத்த நான்கு வாரம் சுமை: முதுகுப்பையில் மணல் போட்டுப் படியேறுவது, முதலில் 5 கிலோ, வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்; இரண்டு கையிலும் எடை தூக்கி நடக்கும் ஃபார்மர்ஸ் வாக்; கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்குவது. சுமையோடு ஓடாதீர்கள், முழங்கால் அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளும். இறங்கும்போதும் நிதானம். ஒன்பதாவது முதல் பதினோராவது வாரம் வரை சுற்றுப்பயிற்சி: 3 நிமிடம் படி, உடனே மணல் மூட்டை இழுப்பு, உடனே எடை சுமந்து நடை, உடனே சம்மட்டி அடி, கடைசியில் தலைக்கு மேலே கை தூக்கிச் செய்கிற ஏதாவது ஒரு வேலை. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கடைசி வாரம் குறைத்துவிடுங்கள், தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் லேசான நடை மட்டும்.

டம்மி இழுப்பதில் சின்ன நுட்பம்: கையால் இழுக்காதீர்கள், கையை நேராகப் பூட்டிக்கொண்டு, இடுப்பைத் தாழ்த்தி, காலால் பின்னோக்கித் தள்ளுங்கள். ஹோஸ் இழுப்பதும் அப்படித்தான், தோளில் போட்டு முன்னோக்கிச் சாய்ந்து, உங்கள் உடல் எடை முன்னே விழப் போவதுபோல. சம்மட்டியை வலுவாகப் பிடித்து வீசத் தேவையில்லை, அடிக்கும் புள்ளியில் குறி தவறாமல் இருந்தால் போதும்.

உயரமும் இருட்டும் தனி. ஏணியேறும் தேர்வும் மூடிய இடத்தில் தவழும் தேர்வும் பல துறைகளில் உண்டு, வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு அடியில் ஊர்ந்து பாருங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மூச்சை மெதுவாக வெளியே விடுவதை அப்போது பழகினால் அங்கே கைகொடுக்கும். பயமே இல்லாதவராக இருக்க வேண்டியதில்லை, பயந்தாலும் கை கால் சொன்னபடி வேலை செய்ய வேண்டும்.

நேர்காணல்

மூன்று நான்கு பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள், பல இடங்களில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் தாளில் எண். சிரிக்க மாட்டார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஏன் இந்த வேலை?' என்பது நிச்சயம் வரும். 'சின்ன வயசுக் கனவு' என்று மட்டும் சொன்னால் அது எல்லோரும் சொல்வது. வேலை என்னவென்று தெரிந்து வந்திருக்கிறீர்களா என்று காட்டுங்கள்: பல துறைகளில் தீயைவிட மருத்துவ அவசரம், சாலை விபத்து, பொய் அலாரம், கட்டட ஆய்வு, கருவி பராமரிப்பு இவைதான் அதிக நேரத்தை எடுக்கும். அனுமதி கேட்டு ஒரு நிலையத்துக்குப் போய், பணியில் இருப்பவர்களிடம் பேசிவிட்டு வந்தால் உங்கள் பதிலில் அந்த வித்தியாசம் தெரியும்.

அனுபவக் கேள்விகளுக்கு (குழுவில் சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள், தவறு செய்தபோது என்ன செய்தீர்கள்) ஆறேழு உண்மைச் சம்பவங்களை முன்பே தயார் செய்யுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று, இந்த வரிசையில், இரண்டு நிமிடத்துக்குள். 'நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்' என்று முழுக்கச் சொன்னால் உங்களுக்கு மதிப்பெண் போட இடமில்லை. எல்லாமே 'நான்' என்றாலும் குழுவில் ஒத்துவராதவர் என்று படும். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள், கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். மனப்பாடம் மட்டும் வேண்டாம், ஒரு சொல் மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். கேள்வியில் இரண்டு பகுதி இருந்தால் இரண்டுக்கும் பதில் சொன்னீர்களா என்று பாருங்கள். புரியவில்லையென்றால் திரும்பக் கேளுங்கள், ரேடியோவில் புரியாமலே 'சரி' என்று சொல்கிறவர் இந்த வேலைக்கு ஆபத்து என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மருத்துவம், பின்னணி, தேர்வு நாள்

மருத்துவத்தில் பார்வை, நிறப்பார்வை, செவித்திறன், நுரையீரல், இதயம், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். நிறப்பார்வைக் குறைபாடு சிலருக்கு இருப்பதே தெரியாது, ஆகவே மாதக்கணக்கில் உழைக்கும் முன் ஒருமுறை கண் மருத்துவரிடம் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். புகைப்பிடிக்கிறவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையான பயிற்சி வேண்டாம், தசை என்சைம் அளவும் சிறுநீரில் புரதமும் தற்காலிகமாக உயர்ந்து தேவையில்லாத கேள்வி வரும். செவிப் பரிசோதனைக்கு முந்தைய நாள் சத்தமான இடங்களைத் தவிருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் காபி வேண்டாம். பழைய எலும்பு முறிவு, ஆஸ்துமா, பழைய வழக்கு எதுவானாலும் படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். அந்த விஷயம் தடையாக இல்லாமல் போகலாம், மறைத்தது கண்டிப்பாகத் தடையாகும்.

எழுத்துத் தேர்வன்று 100 கேள்விக்கு 2 மணி நேரம் என்றால் ஒன்றுக்கு 72 விநாடி. முதல் சுற்றில் ஒரு நிமிடத்துக்கு மேல் எதிலும் நிற்காதீர்கள், குறியிட்டுத் தாண்டுங்கள். தாண்டினால் விடைத்தாளிலும் வரிசையைத் தாண்டினீர்களா என்று பத்துக் கேள்விக்கு ஒருமுறை பாருங்கள். கண்காணிப்பாளர் ஆரம்பத்தில் சொல்லும் விதிமுறைகளை, தெரிந்ததுதானே என்று விடாமல், முழுக்கக் கேளுங்கள். உடல் தேர்வுக்கு முன் காட்டும் செயல்விளக்கத்தையும் அப்படியே. என்ன செய்தால் தோல்வி என்று அங்கேதான் சொல்வார்கள்.

பட்டியலில் பெயர் வந்தாலும் பயிற்சிக்கு அழைக்கச் சில மாதம், சில இடங்களில் அதற்கும் மேல் ஆகலாம். பட்டியல் எவ்வளவு காலம் செல்லும் என்று அறிவிப்பில் பாருங்கள், முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் எழுத்தில் தெரிவியுங்கள். படியேறுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், பயிற்சிக் கல்லூரியின் முதல் வாரத்தில் தேர்வைவிடக் கனமான சுமையோடு ஏறச் சொல்லக்கூடும்.